உருளைக்கிழங்குக் குழியில் தண்ணீர் ஏறவில்லையா? | வீட்டுக்குள் ஒரு லேப்

ராத்திரி ஒன்பதரை மணி. டைனிங் டேபிளில் பயாலஜி ரெக்கார்டு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பிளஸ் ஒன் மாணவி. எதிரே ஒரு கிண்ணத்தில் தண்ணீர், அதன் நடுவே பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கு. ஸ்கூல் லேபில் பத்துப் பேர் சேர்ந்து செய்த சோதனையை இவளால் சரியாகப் பார்க்க முடியவில்லை. அதனால் வீட்டிலேயே செய்துபார்க்கிறாள். காலையில் ரெக்கார்டு வைத்தாக வேண்டும்.

"அம்மா, குழியில தண்ணி ஏறவே இல்லம்மா!"

"விடுடி. புக்குல என்ன போட்டிருக்கோ அதையே எழுதிடு. யாரு வந்து பாக்கப்போறா?"

பிளஸ் ஒன் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சகஜமான காட்சிதான் இது. ஆனால், அந்த ஒரு வரியை எழுதுவதா வேண்டாமா என்பது சின்ன விஷயமல்ல.

அது என்ன சோதனை?

பாடப்புத்தகத்தில் இதன் பெயர் 'உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப்'. ஒரு பெரிய உருளைக்கிழங்கைத் தோல் சீவி, அடிப்பக்கத்தைத் தட்டையாக வெட்டி, மேலே ஸ்பூனால் குழி தோண்ட வேண்டும். குழிக்குள் பாதி அளவுக்குச் சர்க்கரைக் கரைசல். அதன் மட்டத்தை ஒரு குண்டூசி செருகிக் குறித்துக்கொண்டு, கிழங்கைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிட்டால் போதும். சில மணி நேரத்தில் குழிக்குள் இருக்கும் கரைசல் குண்டூசியைத் தாண்டி மேலே ஏறியிருக்கும்.

யாரும் ஊற்றவில்லை. கிண்ணத்துத் தண்ணீர்தான் கிழங்கின் செல்களைக் கடந்து உள்ளே வந்திருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அது தண்ணீரை எளிதாக விடும். சர்க்கரையை அப்படி விடாது. சர்க்கரையோ உப்போ அதிகம் கரைந்திருக்கும் பக்கத்தை நோக்கித் தண்ணீர் சவ்வு வழியாக நகரும். இதுதான் சவ்வூடு பரவல்.

பாட்டிக்குத் தெரிந்த ஆஸ்மாசிஸ்

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி கேட்கிறார்: "மாவடுவுக்கு உப்பு போட்டா தண்ணி விடுதே, அது மாதிரியா கண்ணு?"

அதேதான். வடுமாங்காய் ஊறுகாய்க்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் நாலைந்து நாளில் மாவடு சுருங்கும். ஜாடியில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் மாவடுவின் செல்களுக்குள் இருந்தது. வெளியே உப்பு அதிகம் என்பதால் வெளியே வந்துவிட்டது. நறுக்கிய பாகற்காயில் உப்பு பிசறினால் சாறு விடுவதும், வெள்ளரிக்காய்ப் பச்சடி நேரமாக ஆக நீர்த்துப்போவதும் இதே கதைதான்.

எதிர்த் திசையிலும் நடக்கும். வாடிப்போன கொத்தமல்லிக் கட்டைத் தண்ணீர் டம்ளரில் நிற்க வைத்தால் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடுகிறது. செல்களுக்குள் தண்ணீர் புகுந்து, செல் சுவரை உள்ளிருந்து அழுத்தும்போது இலையும் தண்டும் விறைப்பாகின்றன. கீரைக்கு எலும்பு கிடையாது. அதை நிமிர்த்தி வைப்பதில் பெரும்பங்கு இந்த அழுத்தத்துக்குத்தான்.

சரி, தண்ணீர் ஏன் ஏறவில்லை?

சோதனை சொதப்புவதற்குப் பொதுவான காரணங்கள் இவை:

* குழியை ஆழமாகத் தோண்டும்போது அடியில் துளையோ விரிசலோ விழுந்திருக்கலாம். சர்க்கரைக் கரைசல் கீழே ஒழுகிவிடும்.

* தோலைச் சீவாமல் விட்டிருக்கலாம். உருளைக்கிழங்கின் தோல் தக்கை போன்றது. தண்ணீரைச் சுலபத்தில் விடாது.

* கிண்ணத்துத் தண்ணீர் குழியின் விளிம்பைத் தாண்டியிருக்கலாம். அப்போது ஏறியது எது, வழிந்து விழுந்தது எது என்றே தெரியாது.

* கரைசலில் சர்க்கரை குறைவாக இருக்கலாம். அல்லது அரை மணி நேரத்திலேயே பொறுமை இழந்திருக்கலாம்.

* கிழங்கு வெந்ததாகவோ ஃப்ரீசரில் உறைந்ததாகவோ இருக்கலாம்.

கடைசிக் காரணத்தை வேண்டுமென்றே செய்து பார்ப்பது நல்லது. வேகவைத்த கிழங்கில் இதேபோல் குழி தோண்டி, பச்சைக் கிழங்குக்குப் பக்கத்தில் வையுங்கள். அதில் கரைசல் ஏறாது. வெந்ததும் சவ்வு சிதைந்துவிடுவதால், தண்ணீரை விட்டுச் சர்க்கரையைத் தடுக்க அங்கே ஆள் இல்லை. சர்க்கரையே வெளியே கசிந்துவிடும். வேலையைச் செய்வது உயிருள்ள செல்லின் சவ்வுதான் என்பதை இந்த ஒப்பீடுதான் காட்டுகிறது.

நம் மாணவி கிழங்கைத் தூக்கிப் பார்க்கிறாள். அடியிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது. ஸ்பூன் நுனி குத்திய ஊசித் துளை!

தராசு பொய் சொல்லாது

குழியில் மட்டம் பார்ப்பதைவிடத் துல்லியமான வழி, எடை பார்ப்பது. வீட்டில் சமையல் எடை மெஷின் இருந்தால் போதும்.

ஐந்து டம்ளர்களில் தலா 100 மி.லி. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் சர்க்கரை வேண்டாம். அடுத்தடுத்த டம்ளர்களில் 1, 2, 3, 4 டீஸ்பூன் சர்க்கரை கலக்குங்கள். ஒரே கிழங்கிலிருந்தோ, ஒன்றாக வாங்கிய கிழங்குகளிலிருந்தோ ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் அளவில் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். தோல் இருக்கக் கூடாது. ஒரு துண்டை மட்டும் நிறுத்தால் வீட்டு மெஷினில் வித்தியாசம் தெரியாது. டம்ளருக்கு ஏழெட்டுத் துண்டுகளாகச் சேர்த்து, சுமார் 40 கிராம் வரும்படி நிறுத்து, எழுதி வைத்துவிட்டுப் போடுங்கள்.

இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து எடுத்து, துணியில் மெதுவாக ஒற்றி, மறுபடியும் நிறுத்துப் பாருங்கள். பிழியக் கூடாது; எல்லா டம்ளர் துண்டுகளையும் ஒரே மாதிரி ஒற்ற வேண்டும்.

கணக்கு சுலபம். உதாரணமாக, 40 கிராம் 44 ஆனால் 10 சதவிகிதம் கூடுதல். 40 கிராம் 37 ஆனால் 7.5 சதவிகிதம் குறைவு. தொடக்க எடை டம்ளருக்கு டம்ளர் கொஞ்சம் மாறும் என்பதால், கிராமைவிடச் சதவிகிதத்தில் ஒப்பிடுவதுதான் நியாயம்.

வெறும் தண்ணீரில் கிடந்த துண்டுகள் எடை கூடி, வளைத்தால் 'டப்'பென்று உடையும். நாலு ஸ்பூன் சர்க்கரையில் கிடந்தவை எடை குறைந்து ரப்பர் போல வளையும். நடுவில் ஓர் இடத்தில் எடை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. பெரும்பாலும் அது இரண்டு, மூன்று ஸ்பூனுக்கு அருகில் வரும். அங்கே வெளியே இருக்கும் கரைசலும் செல்லுக்குள் இருக்கும் சாறும் சமநிலையில் இருக்கின்றன. உங்கள் கிழங்குக்கு அது சற்றுத் தள்ளி வந்தால் பயப்பட வேண்டாம். கிழங்குக்குக் கிழங்கு இது மாறும்.

ஒருவரின் எண்கள், இன்னொருவரின் நோபல்

1748-ல் பிரான்ஸைச் சேர்ந்த நோலே, சாராயம் நிரப்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் மூடித் தண்ணீருக்குள் வைத்தார். தோல் வெளிப்பக்கமாக உப்பியது. தண்ணீர் உள்ளே போயிருந்தது. சவ்வூடு பரவலைப் பற்றிய முதல் பதிவு இதுதான் என்கிறார்கள்.

அதன் பின், ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர் செயற்கைச் சவ்வுகளை வைத்துச் சர்க்கரைக் கரைசல்களின் அழுத்தத்தைப் பொறுமையாக அளந்து, 1877-ல் புத்தகமாக வெளியிட்டார். அந்த எண்களை எடுத்துக்கொண்டு, கரைசல்களுக்கான விதியைக் கண்டுபிடித்தார் வேதியியலாளர் வான்ட் ஹாஃப். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் அவருக்குக் கிடைத்தது.

பெஃபர் தன் நோட்டில் 'இப்படித்தான் வர வேண்டும்' என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்டதை எழுதியதால்தான் அது இன்னொருவருக்கு உதவியது.

வயலுக்கும் இதே பாடம்

இது மார்க்கோடு முடிகிற விஷயமல்ல. மாடித்தோட்டத்தில் 'நல்லா வளரட்டும்' என்று ஒரு கைப்பிடி யூரியாவைத் தொட்டியில் கொட்டினால் இலை ஓரங்கள் கருகுகின்றன. கரைந்த உரமும் உப்பைப் போலத்தான். மண்ணில் உப்பு அதிகமானால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. ஈரமான மண்ணிலேயே செடி தாகத்தில் வாடும். அப்படி ஆகிவிட்டால், அடித் துளை வழியாக வடியும் அளவுக்கு நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவிவிடுவதுதான் முதலுதவி.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் கடலோர வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தபோது இதையே பெரிய அளவில் பார்த்தோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. வயலில் தண்ணீர் நின்றும் பயிரால் குடிக்க முடியவில்லை. மழை நீரும் நல்ல நீரும் உப்பைக் கழுவிய பிறகே நிலம் மெல்ல மீண்டது. ஆனால், பிச்சாவரத்து அலையாத்தி மரங்கள் உப்பு நீரிலேயே செழிக்கின்றன. வேரிலேயே பெருமளவு உப்பைத் தடுத்து, உள்ளே வந்ததை இலை வழியாக வெளியேற்றும் வித்தை அவற்றுக்குத் தெரியும்.

ரெக்கார்டில் என்ன எழுதினாள்?

புதுக் கிழங்கு எடுத்து, துளை விழாமல் தோண்டி, இரவு முழுக்க வைத்தாள். காலையில் கரைசல் குண்டூசியைத் தாண்டியிருந்தது. அதை எழுதிவிட்டு, கீழே இன்னும் இரண்டு வரிகள் சேர்த்தாள்: 'முதல் முயற்சியில் கரைசல் ஏறவில்லை. கிழங்கின் அடியில் துளை இருந்தது.'

"இதையெல்லாமா எழுதுவாங்க? மிஸ் திட்டப்போறாங்கடி" என்றார் அம்மா.

"திட்டினா திட்டட்டும்மா. நடந்தது அதானே?"

பாட்டி மட்டும் அந்தத் துளை விழுந்த கிழங்கைக் கழுவிப் பொரியலுக்கு நறுக்க ஆரம்பித்திருந்தார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஐந்து டம்ளர் சோதனையைச் செய்து பாருங்கள். எந்த டம்ளரில் எடை மாறவில்லை என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எதிர்பார்த்தது வராவிட்டால், வந்ததை எழுதுங்கள். ஏன் என்று தேடுவதில்தான் பாடமே தொடங்குகிறது.