குடம் மட்டும் மிஞ்சியது

கும்ப ராசிக்குப் பிரெஞ்சு மொழியில் 'வெர்சோ' என்று பெயர். 'வெர்ஸ்' என்றால் ஊற்று. 'ஓ' என்றால் தண்ணீர். பாக்குவெட்டி, மரங்கொத்தி என்பது போலத் தமிழில் சொன்னால் 'நீரூற்றி'. கிரேக்கர்கள் இந்த ராசியை 'ஹுட்ரோகோஸ்' என்றார்கள். பொருள் அதேதான்: தண்ணீர் ஊற்றுபவன். பிரெஞ்சுக்காரர்கள் அதன் ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பெயர்த்துக்கொண்டார்கள்.

அதே கிரேக்கச் சொல் இந்தியாவுக்கும் வந்தது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருஹத் ஜாதகத்தில் ராசிகளின் யவனப் பெயர்கள் வரிசையாக உள்ளன. மேஷம் 'க்ரியம்', சிம்மம் 'லேயம்'. கும்பமோ 'ஹ்ருத்ரோகம்'! சமஸ்கிருதத்தில் இதற்கு இருதய நோய் என்று பொருள். காது ஒலியைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றியவன் நோயாளியாகிவிட்டான். நல்லவேளை, அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ஆள் போய்க் குடம் மட்டும் மிஞ்சியது: கும்பம்.

கேட்பதில் இரண்டு வகை என்பதற்கு இது ஒரு சான்று. பொருளைக் கேட்டவர் ஒருவர் கோலார் தங்கவயலின் வரலாற்றில் இருக்கிறார். பிரான்சில் குடியேறிய ஐரிஷ் வம்சாவளியில் 1769இல் பிறந்த ஜான் வாரன், 1802இல் ஆங்கிலேயப் படையின் லெப்டினன்டாக மைசூர் எல்லையை அளக்க வந்தார். ஊரிகம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைப் பார்த்தார். மாரிகுப்பத்தில் குழிக்குள் இறங்கியவர்களையும் பார்த்தார். அவர் எழுதிய அறிக்கையைப் படித்துத்தான் லவேல் என்பவர் 1871இல் அங்கே தங்கம் தேடிப் புறப்பட்டார். தமிழ்த் தொழிலாளர்கள் பல தலைமுறை உழைத்த அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன.

வாரன் பின்னர் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பை ஏற்றார். பிறகு புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம். வாரன் கணக்கின் ஒவ்வொரு படியையும் கேட்டு, 'கால சங்கலித' என்ற நூலில் அச்சேற்றினார். 1952இல் வரலாற்றாளர் ஓட்டோ நொய்கெபாவர் அதை ஆராய்ந்து, பழைய பாபிலோனிய எண்முறைகளின் சாயலைக் கண்டார்.

பொன் இருக்கும் இடம் கிராமத்தாருக்கு முன்பே தெரியும். கிரகணம் வரும் நேரம் பஞ்சாங்கக்காரருக்கு முன்பே தெரியும். வாரன் கண்டுபிடித்தது எதுவுமில்லை. ஒலியோடு நிற்காமல் பொருளையும் கேட்டார். மொழிபெயர்ப்பவருக்கும் வேலை அதுதான். தவறினால் நீரூற்றி இருதய நோயாளி ஆவான்.