பெட்டியா, மென்பொருளா?

பாட்டுக்குழு தொடங்கும் புதுச்சேரிப் பையன்கள் கேட்கிறார்கள்: "சாம்ப்ளர் பெட்டி வாங்கணுமா, கம்ப்யூட்டரே போதுமாண்ணே?"

கடன் வாங்காதீங்கடா! வங்கியில் வட்டிக்கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன். 1988இல் வந்த அக்காய் எம்பிசி60 பெட்டியை அமெரிக்கக் கறுப்பு இளைஞர்கள் ஹிப்ஹாப்பின் ஆயுதமாக்கினார்கள். ஒலியை வெட்டி அடுக்கும் அதே வேலையை இன்று எல்எம்எம்எஸ் மென்பொருள் காசில்லாமல் செய்கிறது.

என் சண்டை வேறு. உள்ளே யார் அடித்த பறை? விலைக்கு வரும் ஒலித்தொகுப்புகளில் நம் தோல்கருவிகளுக்கு 'எத்னிக்' என்றொரு மூலை. வாசித்தவர் பேரைத் தேடினால் பெரும்பாலும் கிடையாது. தெருவில் தீட்டு, டிஸ்க்கில் சரக்கு! தீயில் காய்ச்சிய தோல் ஆற ஆறச் சுருதி இறங்கும். சாம்ப்ளரோ அடைத்துவைத்த ஒரே அடியைத்தான் துப்பும். சாவுக்கு அடிக்கிற பறையையே பிணமாக்குவதா? நம்ம பெரியவர்களைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, சூட்டோடு இருபது விதமான அடி பதிவு பண்ணுங்க. அவங்க பேரை முதலில் போடுங்க.