பழைய லாரியும் பழகிய கையும்

கூட்டுறவுச் சங்கப் பொதுப்பேரவைகளில் ஆண்டறிக்கை வாசிக்கப்படும்போது, லாரிப் பழுதுச் செலவைப் பற்றிக் கேள்வி எழாமற் போவது அரிது. "லாரி பழையது; என்ன செய்வது?" என்று செயலாளர் விடை கூறுவார், அங்கத்தினர்களும் அமைதி அடைவர். இவ்விடை பாதி உண்மையே என்பது நமது கருத்து. செலவு மிகுவதற்கு லாரியின் வயது ஒரு காரணம். அதனைப் பிரிக்கும் கை தகுதியற்றதாயிருப்பது அதனினும் பெரிய காரணம்.

நம் நாட்டில் டீசல் லாரிகள் பெருகிய வரலாற்றைச் சிறிது நினைவு கூர்தல் நலம். 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியுடன் சேர்ந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954இல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. சென்னை சிம்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் இயந்திரங்களைச் செய்தது. பெங்களூரில் 1951இல் நிறுவப்பட்ட மைகோ கம்பெனி டீசல் பம்புகளைச் செய்து தந்தது. இந்த வமிசத்தில் வந்த, மின்னணுக் கருவி ஏதுமின்றி ஓடும் லாரிகள் இன்றும் சில சங்கங்களிடத்தும் அங்கத்தினர்களிடத்தும் இருக்கின்றன. நூல் மூட்டையும் ஜவுளிக் கட்டும், மஞ்சளும் வாழைத்தாரும் அவற்றில் ஏறுகின்றன. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் அத்தகைய லாரி ஒன்று நின்றுவிட்டால், சரக்கு விற்பனை நிலையம் சேருவதில்லை. நெசவாளியின் கூலியும் தள்ளிப் போகின்றது.

இவ்வியந்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. இங்கிலாந்து மரபில் வந்த பழைய இயந்திரங்களில் அங்குல அளவுத் திருகுகளையும், ஜெர்மானிய மரபில் வந்தவற்றில் மில்லிமீட்டர் அளவுத் திருகுகளையும் காணலாம். பல கை மாறிய லாரியில் ஒரு வண்டியின் பம்பு மற்றொன்றில் ஏறியிருப்பதும் உண்டு. பம்பின் உள்ளே ஓடும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளியோ, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. குற்றம் இன்னதென்று எழுதிக் காட்டும் கருவி எதுவும் இவற்றில் இல்லை. புகையின் நிறமும், இயந்திரத்தின் ஓசையும், டிரைவர் சொல்லும் சேதியுமே சான்றுகள்.

இன்றைய இளைஞர்கள் வேறு வகை இயந்திரத்தில் பழகியவர்கள். 2020 ஏப்ரல் முதல் நாள் தொட்டு பாரத் ஸ்டேஜ் 6 விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அவ்விதிக்கு உட்பட்ட லாரியில் மின்னணுப் பெட்டி டீசலை அளந்து விடுகின்றது; குற்றத்தைக் கருவியைப் பொருத்திப் படிக்கின்றனர். அதில் தேர்ந்த இளைஞர் பழைய பம்பின் முன் தயங்குவது அவர் குற்றமன்று. தொழிற் பயிற்சி நிலையத்தின் டீசல் மெக்கானிக் பயிற்சி ஓராண்டுக்கு உரியது. அடிப்படையை அது கற்பிக்கும். காதும் கையும் பழகுவதற்குத் தேர்ந்தவர் பக்கத்தில் பல ஆண்டு நின்றாக வேண்டும். அத்தகைய தேர்ந்தவர்களோ முதுமை எய்தி வருகின்றனர்.

நாம் தணிக்கை செய்த சங்கம் ஒன்றின் லாரி, வழியில் அடிக்கடி இழுவை குன்றி நின்றது. முதற் பட்டறையில் பம்பின் முத்திரையை உடைத்து டீசலைக் கூட்டி வைத்தனர். கரும்புகை வந்ததே கண்ட பலன். இரண்டாம் பட்டறையில் நாசில்களை மாற்றினர். மூன்றாவதில் ஹெட்டையே கழற்றினர். இறுதியில் வந்த முதிய மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுமுன் டிரைவரை ஒரு கேள்வி கேட்டார்: டாங்கி நிறைந்திருக்கும்போது வண்டி நிற்கின்றதா, பாதி குறைந்த பின் நிற்கின்றதா? பாதி குறைந்த பின்னரே என்றார் டிரைவர். டாங்கியினுள் டீசலை உறிஞ்சும் குழாயில் நடுவே விரிசல் கண்டிருந்தது; டீசல் மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் குழாய் காற்றை இழுத்தது. பற்றவைக்கும் கூலியோடு பழுது தீர்ந்தது.

தகுதியுள்ளவரை அறியும் வழி இதிலேயே அடங்கியிருக்கின்றது. அவர் கேட்ட பின்னரே கழற்றுவார். கரும்புகை என்றால் டீசல் மிகுதியோ காற்றுக் குறைவோ என்று ஆராய்ந்து, முதலில் காற்று வடிகட்டியைப் பார்ப்பார். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகின்றதென்று ரிங்கையும் வால்வையும் ஐயுறுவார். ஓடும் இயந்திரத்தில் நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுகொள்வார். பம்பைச் சோதனை மேடையில் ஏற்றாமல் அதன் முத்திரையை உடைக்க மாட்டார்.

இத்தகையவரைச் சங்கங்கள் ஏன் அமர்த்துவதில்லை? மூன்று விலைப்புள்ளி பெற்றுக் குறைந்ததை ஏற்கும் வழக்கமே பெரும் தடை. முறைகேட்டைத் தடுக்க எழுந்த நல்ல வழக்கம் அது. டயர், பாட்டரி வாங்குவதற்கு அது பொருந்தும். குற்றம் இன்னதென்று தெரியாத இயந்திரத்துக்குக் குறைந்த விலை கூறுபவர், ஆராயும் உழைப்பை விலக்கிவிட்டே கூறுகிறார். அதன் விலையைச் சங்கம் பின்னர் மும்மடங்காகச் செலுத்துகின்றது. தணிக்கைப் பணியில் இருந்துகொண்டே நாம் இதனை வலியுறுத்துகிறோம்.

ஆகவே மூன்று காரியங்களை நிர்வாகக் குழுக்கள் மேற்கொள்ளலாம். முதலாவது, ஒவ்வொரு லாரிக்கும் ஓர் இயந்திர ஏடு: எஞ்சின் எண், பம்பு எண், நாசில் வகை, டப்பெட் இடைவெளி, செய்த பழுது, செய்தவர் பெயர் யாவும் அதில் ஏறவேண்டும். இரண்டாவது, ஆண்டுதோறும் தீர்மானத்தின் மூலம் ஒரு மெக்கானிக்கை அமர்த்தி, கூலியையும் உதிரிப் பாகங்களின் விலையையும் தனித்தனியே பட்டியலிடச் செய்தல்; கழற்றிய பழைய பாகங்கள் சங்கத்தில் ஒப்படைக்கப்பட்டால் தணிக்கைக்கும் சான்று கிடைக்கும். மூன்றாவது, அண்டையிலுள்ள நான்கைந்து சங்கங்கள் உதவித்தொகையைப் பகிர்ந்துகொண்டு, டீசல் மெக்கானிக் பயிற்சி முடித்த அங்கத்தினர் வீட்டு இளைஞர் ஒருவரை அப்பெரியவரிடம் பழகுநராகச் சேர்த்தல். தொழிற் பழகுநருக்கென 1961லேயே சட்டம் இயற்றிய நாடு நமது. கற்பிக்கும் பெரியவருக்கும் தனி ஊதியம் தருவதே நியாயம்.

பழைய லாரியை விற்றுவிட்டாலென்ன என்று கேட்போர் உண்டு. பிளாக்கு வெடித்ததையும் தகுதிச் சான்று பெற இயலாததையும் விற்பதே முறை. ஆனால் வாரத்தில் இரண்டு நடை, அதுவும் குறுகிய தொலைவு செல்லும் சங்கத்துக்குப் புது லாரியின் கடனும் வட்டியும் பெருஞ்சுமை ஆகும். வைத்திருப்பதாயின் செம்மையாக வைத்திருத்தல் வேண்டும். புகை கக்கி ஊரார் மூச்சைக் கெடுக்கும் லாரி கூட்டுறவுக்குப் பெருமை தருவதன்று.

தனியொருவர் தேர்ந்த மெக்கானிக்கைத் தேடி அலையலாம். அவர் கையிலுள்ள வித்தையை அடுத்த தலைமுறைக்கு நிலைநிறுத்துதல் பலர் கூடினாலன்றி இயலாது. பருவம் தொடங்குமுன் நடைபெறும் குழுக் கூட்டத்திலேயே இதனைப் பொருளாக வைத்துத் தீர்மானிக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.