ஈகைக்கு முன் ஒப்புரவு

நுழையும்முன்

தொழில் செய்வோர் தாம் ஈட்டிய பொருளில் ஒரு பங்கைச் சமுதாயத்திற்குத் தருவது நன்று. அப்பொருளை ஈட்டும் முறையே சமுதாயத்திற்கு நன்மை பயப்பதாக அமைவது அதனினும் நன்று. வடசென்னைத் தொழிற்பகுதியை முன்வைத்து இக்கருத்தை ஆராய்கிறது இக்கட்டுரை.

நெய்தலும் ஆலையும்

இராயபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என ஊர்கள் தொடர்கின்றன. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி நிலையம் 1856இல் இராயபுரத்தில் அமைந்தது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூரில் துறைமுகம் 2001இல் செயற்பாட்டிற்கு வந்தது. நம் வீட்டு விளக்கு எரிவதிலும், நம் ஊர்திகள் ஓடுவதிலும், நம் வயல்களுக்கு உரம் கிடைப்பதிலும் இப்பகுதிக்குப் பங்குண்டு. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டதும் இந்நிலமே.

அதே நிலத்தில்தான் கொசஸ்தலையாறு கடலோடு கலக்கிறது. அம்முகத்துவாரத்தில் வலை வீசும் மீனவர்களும், சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களும் ஆலைகள் வருவதற்கு முன்பிருந்தே வாழ்கின்றனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அம்முகத்துவாரத்தில் படர்ந்தது. படகும் வலையும் கருத்துப்போயின. மீனவர்களே வாளிகளால் எண்ணெயை அள்ளினர். அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இவ்விரு நிகழ்வுகளையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாகவே முன்வந்து விசாரித்தது.

இரண்டு விழுக்காடும் எஞ்சியதும்

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவில் ஒரு கடமையை விதித்துள்ளது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ உடைய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இவ்விதியால் வகுப்பறைகளும் கழிப்பறைகளும் மருத்துவ முகாம்களும் கிடைத்துள்ளன. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் ஓர் ஐயம் எழுகிறது. நான் முன்பு பணியாற்றிய பள்ளிக்கு ஒரு நிறுவனம் குடிநீர் சுத்திகரிப்புக் கருவியொன்றை வழங்கியது. விழா சிறப்பாக நடந்தது. வடிகட்டியை மாற்றுவார் இல்லாததால் இரண்டாம் ஆண்டிலேயே கருவி நின்றுபோனது. கொடையாளர் பெயர் பொறித்த பலகை மட்டும் பளபளப்புக் குறையாமல் இருந்தது. கொடுப்பவர் கொடுத்ததைக் கணக்கிட்டாரேயன்றிப் பெறுபவர் பெற்ற பயனைக் கணக்கிடவில்லை. மேலும், இவ்விதி இலாபத்தில் 2 விழுக்காடு எங்கே செல்கிறது என்பதைக் கேட்கிறது. அந்த இலாபம் முழுவதும் எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை 23ஆம் அதிகாரம். ஈகை இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு, தான் வாழும் உலகோடு பொருந்தி, பிறர்க்குப் பயன்பட வாழும் முறையை அறிந்து நடப்பது. ஈகையை ஒருநாள் விழாவில் முடித்துவிடலாம்; ஒப்புரவையோ நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டும். தொழில் நிறுவனங்களுக்கும் இவ்வரிசையே பொருந்தும் என்பது என் கருத்து.

இது நடைமுறைக்கு ஒவ்வாத அறிவுரை அன்று. மணலி ஆலைகள் சில, 1990களிலேயே நகரின் கழிவுநீரை விலைக்கு வாங்கித் தூய்மைப்படுத்தித் தம் தேவைக்குப் பயன்படுத்தத் தொடங்கின. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவர நேர்ந்ததை நாம் அறிவோம். அதே ஆண்டில் கொடுங்கையூரில், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தூய்மைப்படுத்தி இத்தொழிற்பகுதிக்கு வழங்கும் நிலையம் செயற்படத் தொடங்கியது. குடிநீர் வாரியத்திற்கு வருவாய், ஆலைக்குத் தடையற்ற நீர், மக்களுக்கு மிச்சமாகும் நன்னீர் என மூன்று பயன்கள் இதில் விளைகின்றன. இங்கே யாரும் யாருக்கும் கொடை வழங்கவில்லை. எண்ணெய் கசிந்த அதே தொழிற்பகுதியில்தான் இந்நன்மையும் நிகழ்ந்தது என்பதை நினைவிற்கொள்க.

தொண்டையே தொழில் முறையாக அமைத்துக் காட்டியவர்களும் உண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோர் தரும் வருவாயே, செலுத்த இயலாதோரின் சிகிச்சைக்கும் துணைநிற்கிறது. விலைமிகுந்த உள்விழி வில்லைகளைக் குறைந்த செலவில் உருவாக்க 1992இல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. சமூகத் தொழில்முனைவு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நாம் கேட்க வேண்டியவை

‘ஆலைகள் வேண்டுமா, ஆறு வேண்டுமா?’ என்பது பிழையான வினா. கழிவுநீர்க் குழாய் எங்கே முடிகிறது? பழைய குழாய்கள் எப்போது சோதிக்கப்பட்டன? விபத்து நேர்ந்தால் அருகிலுள்ள குப்பத்திற்கு முதலில் செய்தி சொல்பவர் யார்? உள்ளூர் இளைஞருக்கு நிலையான பணி உண்டா? ஒரு நிறுவனத்தின் சமுதாயப் பயனை அளக்க இவ்வினாக்களே முதல் அளவுகோல். இவற்றுக்கு விடையளித்தபின் அது வழங்கும் கொடையை நன்றியோடு ஏற்போம்.

மாணவர்களே! இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் சிலர் இவ்வாலைகளில் பொறியாளராகவோ கணக்கராகவோ அமர்வீர்கள். சிலர் சொந்தமாகத் தொழில் தொடங்குவீர்கள். பழுதான குழாயை மாற்றுவதற்கான செலவுக் கோப்பு அன்று உங்கள் மேசைக்கு வரக்கூடும். அதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் முன், முகத்துவாரத்துச் சேற்றில் இறால் துழாவும் கைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.