கோடி இலக்க எண்ணும் கொஸ்லந்தப் பிள்ளைகளும்

நானூறுக்கும் ஐந்நூறுக்கும் கணக்குப் பார்த்தே காலம் கழிக்கும் தோட்டத்துக் குடும்பங்களிடம், 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்கரான லூக் டுராண்ட் கண்டறிந்த, 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்களையுடைய முதன்மை எண்ணைப் பற்றிப் பேசுவது வீண் ஆடம்பரம் என்று நண்பர்கள் சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள். அதனால் நேரான பிரயோசனம் ஏதுமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வங்கி அட்டைகளைக் காக்கும் இரகசியக் குறிமுறைக்குச் சில நூறு இலக்க முதன்மை எண்களே போதும். ஆயினும், அந்த எண்ணைக் கொஸ்லந்த மலைச்சரிவுப் பாடசாலைகளிலேதான் முதலில் பேசவேண்டும் என்பது என் கட்சி.

இரண்டை 13,62,79,841 தடவை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் கிடைப்பது அவ்வெண். அதை முழுவதும் அச்சிட்டால் பல தடித்த நூல்கள் ஆகிவிடும். ஆனால் அதன் கடைசி இலக்கம் யாதென எட்டாம் வகுப்புச் சிறுமி ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே மாறிமாறி முடிகின்றன. அடுக்கின் ஈற்றிலுள்ள 41ஐ நான்கால் வகுக்க மீதி 1. ஆகவே பெருக்கம் 2இலும், ஒன்று கழிந்த எண் 1இலும் முடிந்தாகவேண்டும்.

இவ்வகை எண்ணைச் சோதிக்கும் வழியோ இன்னும் விசித்திரமானது. நான்கில் தொடங்கி, வர்க்கித்து, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். 31க்கு 4, 14, 8 என்று வந்து, அடுத்ததாகிய 62 மீதியின்றி வகுபடுவதால், 31 முதன்மை எண்ணென்பது நிரூபணமாகிறது. இம்முறைக்கு மூலமான சித்தாந்தத்தை வகுத்த பிரெஞ்சுக் கணித மேதை எதுவார் லூக்கா, 1876இல், 39 இலக்கமுள்ள ஓர் எண்ணை யந்திரத் துணையின்றியே முதன்மை எண்ணெனக் காட்டினார். எண்ணொன்று முதன்மையானதா என்பதை விரைந்து தீர்மானிக்கும் பொது வழியை 2002இல் கான்பூரில் மணீந்திர அகர்வாலோடு சேர்ந்து கண்ட நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அப்போது பட்டப்படிப்பை முடித்த இளைஞர்களே.

விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் வேண்டும், அது தோட்டத்தில் இல்லை என்ற சமாதானத்தைச் சற்று நேரம் பொறுத்துக்கொள்ளலாம்; தாளும் பென்சிலும் போதுமான கணிதத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1977 முதல் பொறுப்பேற்றுத் தலைமுறை ஒன்று கடந்த பின்னும், உயர்தரத்தில் கணிதம் கற்க விரும்பும் லயத்துப் பிள்ளைகளிற் பலர் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போகவேண்டியிருப்பதும், போக இயலாதவர்கள் கலைப்பிரிவே தங்கள் விதியென்று அமைவதும் நியாயமல்ல. ஊவா மாகாணக் கல்வி அதிகாரிகள் அடுத்த நியமனத்திலேனும் கணித ஆசிரியர்களை முதலில் இத்தோட்டங்களுக்கு அனுப்பவேண்டும். அனுப்பியவர்களை ஓராண்டுக்குள் நகரத்துக்கு இடம் மாற்றாதிருக்கவும் வேண்டும்.