சின்னவனுக்கு எதற்கு வாய்?

மாலை வேளையில் புதுச்சேரி கடற்கரைக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தவன் உலக விவகாரம் பேசாமல் எழுந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. எஜமான் கடல் கடந்து வந்த ஊர் இது. கடலைப் பார்த்தபடியே ராஜாங்கம் பேசிப் பழகிவிட்டோம்.

போன வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்த ஒரு சொல்தாவின் மகன், கையிலிருந்த பத்திரிகையை மடித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார்:

"ஒரு தாலுக்கா அளவு நாட்டுக்கு வெளிநாட்டு மந்திரி எதற்கு முசே? மொட்டைத் தலைக்குச் சீப்பு மாதிரி! பக்கத்து வீட்டுப் பெரியவனுக்குத் தினம் ஒரு கும்பிடு போட்டால் போயிற்று. அதற்கு ஒரு குமாஸ்தா போதாதா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் இப்படித்தான், பஸ் போன பிறகு வரும் பிரயாணி மாதிரி.

இது அவர் ஒருவரின் அபிப்பிராயமாக இருந்தால் விட்டுவிடலாம். நேபாளம் ஒரு ஆட்சேபம் சொன்னாலும், மாலத்தீவு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், இலங்கை வேறொருவனோடு கை குலுக்கினாலும் நம் டீக்கடைகளில் எழுகிற குரல் இதுதான்: 'இத்துனூண்டு இருந்துகொண்டு நம்மையா எதிர்த்துப் பேசுகிறான்?' இருநூறு வருஷம் வெள்ளைக்காரன் நம்மைப் பார்த்துப் பேசிய அதே குரல்! அடி வாங்கியவன் முதுகில் தழும்பை மட்டும் சுமந்து வரவில்லை, பிரம்பையும் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

விஷயம் நேர் எதிரானது என்று சொல்கிறேன். பெரிய நாட்டின் வெளிநாட்டு மந்திரி அசடாக இருக்கலாம். ஒன்றும் முழுகிவிடாது. அவன் உளறினாலும் பின்னால் பட்டாளம் நிற்கிறது, சந்தை நிற்கிறது, கோடிக்கணக்கான ஜனத்தொகை நிற்கிறது. சின்ன நாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. பெரியவனுக்கு வாய் ஓர் அலங்காரம். சின்னவனுக்கு அதுதான் கோட்டைச் சுவர்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து, கைக்குழந்தையாக மலாயாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, சிரம்பானில் வளர்ந்தவர் எஸ். ராஜரத்தினம். சட்டம் படிக்க லண்டன் போனார். படிப்பை முடிக்கவில்லை. மகா யுத்தம் குறுக்கிட்டது. பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்து சிறுகதை எழுதினார், பத்திரிகைக்கு எழுதினார், ஒரு ஹங்கேரியப் பெண்ணை மணந்துகொண்டார். கதை எழுதுகிறவன் எதற்கும் உதவமாட்டான் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அப்படிப்பட்ட ஒருவர்தான் 1965 ஆகஸ்டு 9இல் மலேசியாவிலிருந்து பிரிந்து நின்ற சிங்கப்பூருக்கு முதல் வெளிநாட்டு மந்திரி ஆனார். 1980 வரை அவரே இருந்தார்.

அன்று அந்த நாட்டின் பரப்பு 580 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். நமது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கையும் கூட்டினால் ஏறக்குறைய 490 வரும். ஆக, நம்மைவிட ஒரு முழம் பெரிய தேசம்! ஜனத்தொகை இருபது லட்சத்துக்குள். தெற்கே பத்துக் கோடிப் பேர் கொண்ட இந்தோனேசியா, 'மோதல்' என்று பெயர் வைத்தே மலேசியாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வடக்கே, நேற்று வரை ஒரே வீட்டில் இருந்து வெளியே அனுப்பிவிட்ட மலேசியா. குடிக்கிற தண்ணீர் அங்கே ஜொகூரிலிருந்து குழாயில் வரவேண்டும்.

நண்பர் சொன்ன குமாஸ்தா என்ன செய்திருப்பான்? இரண்டு பக்கமும் கும்பிட்டிருப்பான். ராஜரத்தினமும் அவரது சகாக்களும் முதலில் தேடியது காகிதம். 1961, 1962 தண்ணீர் ஒப்பந்தங்களுக்கு உத்தரவாதம் பிரிவினை உடன்படிக்கையிலேயே இடம்பெற்றது. அந்த உடன்படிக்கை ஐக்கிய நாடுகள் சபையில் பதிவாயிற்று. செப்டம்பர் 21இல் அந்தச் சபையின் 117ஆவது அங்கத்தினராகச் சிங்கப்பூர் சேர்ந்தபோது அங்கே போய் நின்று பேசியவரும் அவர்தான். 1962 ஒப்பந்தத்தின் ஆயுள் 2061 வரைக்கும். பெரியவன் வாய்ச்சொல்லில் தண்ணீர் குடிப்பதற்கும் ஒப்பந்தத்தில் குடிப்பதற்கும் ருசி வேறு.

இன்னொரு சம்பவம். 1965 மார்ச் 10இல் சிங்கப்பூரின் மெக்டொனால்டு ஹவுஸில் குண்டு வெடித்து மூன்று பேர் செத்தார்கள். வைத்தவர்கள் இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் இருவர். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குள் இந்தோனேசியாவில் ஆட்சி மாறி, 1967இல் இரண்டு நாடுகளும் பாங்காக்கில் ஆசியான் அமைப்பில் கையெழுத்தும் போட்டுவிட்டன. ஜனாதிபதி சுகார்த்தோ, தண்டனையைக் குறைக்கும்படி கேட்டார். புதிதாக வந்த சிநேகம், பெரிய அண்டை வீட்டுக்காரன், அவனே வாய்விட்டுக் கேட்கிறான்! ஆனாலும் 1968 அக்டோபர் 17இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஜகார்த்தாவில் கூட்டம் திரண்டு சிங்கப்பூர்த் தூதரகத்தைச் சூறையாடியது. தூக்குத் தண்டனையை நான் ஆதரிக்கிறவன் அல்ல. ஆனால் என் வீட்டில் செத்தவர்களுக்கு என் வீட்டுச் சட்டம்தான் என்று ஒரு குட்டித் தீவு சொன்னதை மதிக்கிறேன்.

அதோடு நின்றிருந்தால் அது வெறும் முரட்டுத்தனம். 1973இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ ஜகார்த்தா போய், அதே இரண்டு வீரர்களின் சமாதியில் பூத் தூவினார். வெள்ளத்தில் நாணல் வளைந்து பிழைக்கும் என்று நண்பர் அடுத்த தடவை எனக்குப் பாடம் சொல்ல வரக்கூடும். வளையட்டும் ஐயா! வேரைப் பிடுங்கிக்கொண்டு வெள்ளத்தோடு போகும் நாணலை யாராவது பார்த்ததுண்டா?

ராஜரத்தினத்தின் எல்லாப் பேச்சுக்கும் நான் கை தட்டவில்லை. கம்போடியாவுக்குள் வியட்நாம் படை புகுந்து, 1979 ஜனவரியில் போல் பாட்டின் ஆட்சியைக் கவிழ்த்தது. பெரியவன் படையை அனுப்பிச் சின்னவன் வீட்டு ஆட்சியை மாற்றக் கூடாது என்று அவர் அந்த வருஷம் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு வரை வாதாடினார். கொள்கை சரி. ஆனால் அதன் பலனாக ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி, பதினைந்து லட்சம் பேருக்குக் குறையாமல் சாகக் காரணமாயிருந்த கூட்டத்தின் வசமே இருந்தது. சின்ன நாட்டின் நியாயம் எலும்புக்கூடுகளின் மேல் ஏறி நின்று பேச நேர்ந்த இடம் அது. இங்கே என் பேனா தயங்குகிறது. தயங்கட்டும்.

இப்போது நமது ஊருக்கு வருகிறேன். நமக்கு யார் பேசினார்கள்?

ஜனங்களின் விருப்பப்படியே எதிர்காலம் தீர்மானமாகும் என்று 1948இல் பாரிஸும் டில்லியும் சொல்லின. சந்திரநாகூர் 1949இல் வாக்களித்தது. நமக்கு அந்தச் சீட்டு வந்து சேரவே இல்லை. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள், எட்டுப் பேர் எதிர்த்தார்கள். மூன்றாம் நாள் டில்லியில் ஒப்பந்தம், நவம்பர் 1இல் நிர்வாகம் கை மாறியது. இணைந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. இணைந்தே தீரவேண்டும், இணைந்தது நல்லது. ஆனால் 1956 மே 28இல் கையெழுத்தான உடன்படிக்கையைப் பாருங்கள். இந்தியாவுக்காக நேரு, பிரான்சுக்காகத் தூதர் ஓஸ்ட்ரோரோக். புதுச்சேரிக்காக? யாருமில்லை. பிரான்சு அதை ஊர்ஜிதம் செய்து, அது அமலுக்கு வர 1962 ஆகஸ்டு 16 ஆயிற்று. எட்டு வருஷம் நாம் சட்டத்தில் பிரெஞ்சுக்காரர்கள், நடைமுறையில் இந்தியர்கள்!

இருந்தும் அதன் இரண்டாம் ஷரத்தில் ஒரு வரி நமக்காக வந்து விழுந்தது. இந்தப் பிரதேசத்தின் விசேஷ அந்தஸ்தில் மாறுதல் செய்வதானால் ஜனங்களின் விருப்பத்தை அறிந்தே செய்யவேண்டும் என்ற வரி. 1979இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் நம்மைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்று பேசியபோது ஊரே தெருவில் இறங்கியது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, யோசனை கைவிடப்பட்டது. அன்று ஊர் எதைக் காட்டி நியாயம் கேட்க முடிந்தது? அந்த வரியைத்தான். நமக்குக் கிடைத்த ஒரே வெளிநாட்டு மந்திரி அதுதான்.

மறுநாள் சாயங்காலம் இதையெல்லாம் நண்பரிடம் கொட்டினேன். அவர் கையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உண்டு. 1962க்குப் பிறகு கொடுத்த ஆறு மாத அவகாசத்துக்குள் அவர் தகப்பனார் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க எழுதிக் கொடுத்ததால் வந்தது.

"அதுவும் அந்த உடன்படிக்கையின் ஒரு ஷரத்துத்தானே?" என்றேன்.

வெகு நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதை எழுதினபோது எங்கப்பாவை எவன் கேட்டான்?" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.