அரைநாள் நடையும் அரைகுறை வரலாறும்

சென்னையைக் காண வருவோரை அரைநாள் நடையாக அழைத்துச் செல்லும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. காலையில் கோட்டை, அடுத்து உயர்நீதிமன்றம், பின்னர் சேப்பாக்கம், முடிவில் கடற்கரை. நல்ல ஏற்பாடுதான், நடப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால், வழி நெடுகச் சொல்லப்படும் கதை யாருடைய கதை? கட்டச் சொன்னவன் பெயர் ஒலிக்கிறது. கல் சுமந்தவன் எங்கே? கவர்னரின் பட்டம் ஒலிக்கிறது; அவன் ஆட்சியில் பட்டினியால் மடிந்தவன் எங்கே?

கோட்டையிலே தொடங்குவோம். 1680இல் எழுந்த புனித மேரி தேவாலயத்தில், 1753இல் இராபர்ட் கிளைவ் மணம் புரிந்தான் என்று சுவையோடு சொல்கிறார்கள். சொல்லட்டும்! உள்ளே வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம் என்று நிறத்தால் ஊரைப் பிளந்தார்களே, அதையும் சேர்த்தன்றோ சொல்ல வேண்டும்? பீரங்கிக்கு மறைப்பு என்று சொல்லி, அந்தப் பழைய கறுப்பர் பட்டணத்தில் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் இடித்தனர். எஞ்சியதை ஆங்கிலேயர் இடித்தனர். கொள்ளைக்கு வந்த இருவர் சண்டையில் குடியிருந்தவன் வீடு மண்ணாயிற்று. அந்த மண்ணின் மீதுதான் 1892இல் உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள் எழுந்தன. நீதிமன்றத்தின் அடியிலே பறிக்கப்பட்ட வீடுகளின் அடித்தளம்!

அந்த நீதிமன்றத்திற்கு எதிரே, கடற்கரையில், 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றித் தொழிலாளர் திருநாள் கொண்டாடினார். இந்தியாவிலேயே முதல் மே நாள் அது. கிளைவின் திருமணத்துக்குக் கால் மணி நேரம் ஒதுக்குவோர், இதற்கு ஒரு நிமிடமேனும் ஒதுக்கலாகாதா?

சேப்பாக்கத்துக்கு வாருங்கள். 1855இல் நவாப் ஆண் வாரிசின்றி இறந்தார்; கும்பினி அவர் பட்டத்தையே ஒழித்துவிட்டது. அரண்மனை அரசு அலுவலகமாயிற்று. அருகே ஓடும் பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள். 1876-78இன் கொடும் பஞ்சத்தில், பசித்த மக்களைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட பகுதி அதில் உண்டு. பஞ்ச வேலைக்கு வந்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவும் போதும் என்று 1877இல் கூலியைக் குறைத்தான் ரிச்சர்டு டெம்பிள். உண்டவன் உயிர் நிற்குமா என்று சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரி கார்னிஷே வெகுண்டு எதிர்த்தார். மண்வெட்டி பிடித்தவன் பசித்தவன். பெயர் மட்டும் பக்கிங்காம் பிரபுவுக்கு!

"கலையழகைக் காண வந்தவனிடம் அரசியல் எதற்கு?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கிளைவின் திருமணம் வரலாறு. கால்வாய் வெட்டியவனின் பட்டினி மட்டும் அரசியலா? எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தீர்மானித்த கணமே அரசியல் நுழைந்துவிட்டது. நாம் புதிதாக எதையும் புகுத்தவில்லை. விடுபட்ட பாதியைக் கேட்கிறோம்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் இந்நகரமே சான்று. 1857இல் மக்களைக் கூட்டங்கூட்டமாகத் தூக்கிலிட்ட நீல் என்பவனுக்கு மவுண்ட் ரோட்டிலே சிலை நின்றது. 1927இல் இளைஞர்கள் அதை எதிர்த்துச் சிறை புகுந்தனர். பத்தாண்டுகள் கழித்து, 1937இல், அச்சிலை அருங்காட்சியகத்துக்குள் போயிற்று. உடைத்தெறியப்படவில்லை, பெருமைப் பீடத்தினின்று இறக்கப்பட்டது. வரலாறு அழிந்ததா? இல்லை, நேர்பட்டது!

நடையின் முடிவிலே, மெரினாவில், ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை நிற்கிறது. நால்வர் சேர்ந்து பாறையை நகர்த்துகிறார்கள். ஆண்டுக்கொரு நாள் மாலையிட்டுத் திரும்புவதோடு நம் கடமை தீர்ந்ததா? ஒவ்வொரு கிளையும் மாதம் ஒரு ஞாயிறு, பத்து இளைஞரையாவது இவ்வழியே அழைத்துச் செல்லட்டும். இடித்த வீட்டையும் வெட்டிய கால்வாயையும் ஏற்றிய கொடியையும் அந்தந்த இடத்தில் நின்று சொல்லட்டும். துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த முதியோரின் நினைவுகளைக் கேட்டு எழுதி வைக்கட்டும். அவர்கள் மறைந்தபின் எந்தக் கல்லைக் கேட்டு அறிவது? புறப்படுங்கள், தோழர்களே!